தாகத்தில் நின்ற வரிசை

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிக் கொட்டகையில் கூட்டிப் பெருக்குகிறேன். வீட்டில் நான் ஒருத்திதான். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின், நெல் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பேன். பேச்சுத்துணைக்கு அந்தப் பயிர்கள்தான்.

ஒரு வரிசைக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். ஐந்தாம் நாள் இலையெல்லாம் ஊசியாகச் சுருண்டுவிட்டது. ஸ்ரீவைகுண்டத்து வயலில் நாற்று நட்டவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்குமா? குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் பழைய சோற்று நீத்தண்ணீரையும் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் சோதனைக்கு இலை வெட்ட வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் திகைத்து நின்றாள். இலைகள் விரிந்திருந்தன.

“நாந்தான் தொட்டிய மாத்தி வச்சுட்டேன் போல” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. “நாந்தாம்மா தண்ணி ஊத்துனேன்.”

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏன் ஆச்சி, தாகம் எடுக்கணும்னுதான காயப்போட்டேன்! பயிருக்குள்ள சில ஆர்.என்.ஏ. இருக்கு. அதுல இருந்து புரதம் எதுவும் உண்டாகாது. ஆனா தண்ணி இல்லன்னா எந்த வேலைய நிறுத்தணும், எத நடத்தணும்னு அதுதான் சொல்லும். அப்ப அது கூடுதா குறையுதான்னு பாக்கணும்லா. இனி முதல்ல இருந்து விதைக்கணும்.”

“அப்ப சுருண்டது சாகுறதுக்கு இல்லையா?”

“பிழைக்கிறதுக்கு ஆச்சி.”

அவள் திட்டவில்லை, மேலதிகாரிகளிடம் என் பெயரைச் சொல்லவுமில்லை. மறுபடி விதைத்தபோது, “இந்த வரிசைக்கு நீங்கதான் காவலு” என்று சிரித்தாள்.

இப்போதும் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறேன். இலை சுருண்டால், உள்ளே ஏதோ பேச்சு நடக்கிறது என்று சும்மா இருந்துவிடுகிறேன். தண்ணீர் மட்டும் அதுகளுக்கு முன்னால் குடிப்பதில்லை. வெளியே போய்த்தான் குடிக்கிறேன்.