மலையகம் என்று தேடினால் அத்தை கிடைக்கமாட்டார்

அத்தையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் தம்பி பெண்சாதி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்பாவுக்கு ஒரே அக்கா. கல்யாணம் கட்டிய கையோடு, இலங்கையும் இந்தியாவும் தோட்டத்து ஆட்களைப் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர். அப்பா அப்போது சின்னப் பையன். கொஞ்ச காலம் கடிதம் வந்து நின்றுபோனது. அப்பா எஹலியகொட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, ஓய்வு பெற்று, இன்னும் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில்தான் இருக்கிறார். “அக்கா கொரல ஒருக்கா கேட்டுட்டா போதும்” என்பார். அந்த ஒரு காரியத்தை என் கையால் செய்துகொடுக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். தம்பிக்கு அந்த நினைப்பே கிடையாது. நான்தான் வயதானவர்களை எல்லாம் பிடித்துக் கேட்டேன். அத்தையின் ஒரே படத்தைப் பெட்டிக்குள் இருந்து எடுத்து, கறையெல்லாம் போக்கி, பேஸ்புக்கில் போட்டதும் நான்தான்.

படத்துக்குக் கீழே ஹேஷ்டேக் அடுக்கினேன். மலையகம், சபரகமுவ, நம் வேர்கள், தேயிலை, நீலகிரி. இந்தியா போனவர்கள் நீலகிரியில் இருப்பதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். எத்தனையோ தரம் போட்டேன். யார் யாரோ இதயம் போட்டார்கள். தேயிலை விற்பவர்கள் வந்தார்கள். ஒரு ஹோட்டல்காரன் தேயிலை மலையில் தேனிலவு கொண்டாடக் விலையைக் கழித்து அறை தருவதாக எழுதினான். அத்தையைத் தெரிந்த ஒருவரும் வரவில்லை.

தம்பி பெண்சாதி புளத்கொகுபிட்டியக்காரி. டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. நாள் முழுக்க ஊராரின் போனை நோண்டுவதுதான் அவளுடைய தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவித்த பலாக்கொட்டையைத் தின்றுகொண்டே என் போனை எட்டிப் பார்த்தாள்.

“அனே அண்ணி, நீங்க அத்தைய தேடுறீங்களா, டூரிஸ்ட தேடுறீங்களா?”

“ஒன் வேலைய பாரு.”

“கோவிச்சுக்காதீங்க. மலையகம்னு நம்மதான் சொல்லிக்கிறோம். அங்க போனவங்கள அந்த ஊர்ல சிலோன்காரங்கன்னுதானே கூப்பிடுறாங்க? அவங்க புள்ளைங்களும் அதத்தானே போடும்.”

போனைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை.

“அத்தை கொழுந்து எடுத்தவங்களா, பால் வெட்டுனவங்களா?”

“பால் வெட்டுனவங்க.”

“பொறவு என்னத்துக்கு நீலகிரி? அங்க தேயிலை. எங்க பக்கத்துல இருந்து போன ரப்பர் ஆளுங்க எல்லாம் கர்நாடகாவுல சுள்ளியாவுலதான் இருக்காங்க. அதுங்க புள்ளைங்க கன்னடத்துல படிச்சதுங்க. தமிழ்ல போட்டா எப்படி வாசிக்கும்? இங்கிலீஷ் எழுத்துல போடுங்க.”

அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு எரிச்சல். நம்மை இங்கே இந்தியாக்காரன் என்பார்கள், அங்கே சிலோன்காரன் என்பார்கள். இது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். ஆனால் போனைக் கையில் எடுத்தால், நான் என்னை எப்படிச் சொல்லிக்கொள்வேனோ அப்படித்தான் எழுத வந்தது. எதிர்ப்பக்கம் இருப்பவர் தன்னை எப்படிச் சொல்வார் என்று யோசித்தது அவள்.

“படத்த எனக்கும் அனுப்புங்களேன், நானும் போட்டுப் பாக்குறேன்” என்றாள். அப்பா பக்கத்தில் இருந்தார். அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

அவள் நாலே ஹேஷ்டேக்தான் போட்டாள், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். சிலோன் தமிழ், சுள்ளியா, ரப்பர், கடைசியாக எங்கள் தோட்டத்தின் பெயர். அதுவும் போர்டில் இருக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயர் இல்லை, எங்கள் ஆட்கள் கூப்பிடும் ‘பாலத்துத் தோட்டம்’. அங்கே ஒரு பையன் கண்ணில் பட்டு, அவன் தங்கள் ரப்பர் காலனி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருக்கிறான். மாதம் முடிவதற்குள் ஒரு பெண் அதே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவிட்டாள்: “இது எங்கம்மா. நல்லா இருக்காங்க.”

அப்பா லயம் முழுக்க நடந்து சொன்னார். “எம் மருமக கண்டுபுடிச்சிருச்சு! கெட்டிக்காரி!” பக்கத்துக் காம்பரா அக்கா என்னிடமே வந்து, “ஒங்க தம்பி பொஞ்சாதிக்கு என்னா மூள!” என்றார். அன்றைக்கு நான் சமைத்த குழம்பில் உப்பு அதிகம். யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வீடியோ கோல். போனைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது அவள். நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு பின்னால் நின்றேன்.

“டேய் தம்பி, முடியெல்லாம் எங்கடா?” இதுதான் அத்தையின் முதல் பேச்சு.

“நீ கட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டியேக்கா” என்றார் அப்பா. சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. அவளும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“யாருடா என்னைய தேடிப் புடிச்சது?”

“இந்தா, மருமக.”

அத்தை அவளை வாழ்த்தினார். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, “பின்னால யாரு, உர்ருனு நிக்கிறது?” என்றார்.

“அது மக.”

“கிட்ட வா புள்ள. போன இவ பக்கம் திருப்புங்க. அய்யய்யோ, அப்படியே எங்கம்மா! அது கோவிச்சுக்கிட்டா இதே மூஞ்சிதான். தம்பி, நீ பாக்கலையாடா?”

அப்பா திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “ஆமாக்கா” என்றார்.

அந்த முகம் தம்பி பெண்சாதிக்கு வராது. அவள் கட்டி வந்தவள்.

சாயங்காலம் அவள் அந்த வீடியோ கோலில் பிடித்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டாள். என் முகத்தை வெட்டவில்லை. நான் லைக் போடவில்லை. அவள் குளிக்கப் போன நேரம், அத்தை மகளின் நம்பரை அவள் போனிலிருந்து எடுத்துக்கொண்டேன். வருகிற ஞாயிறு அப்பா என் போனில்தான் பேசுவார்.