பைய விடுங்க மாப்ளே

என் தங்கச்சி தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர் சென்னைக்காரர். கல்யாணத்துக்கு நான் தலையாட்டினேனே தவிர, மனசு ஒப்பவில்லை. அவளுக்காகத்தான் அந்த மனுஷன் திருநெல்வேலிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, பாளையங்கோட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே வீடு பார்த்தார். ஆறு மாதத்தில் அவரிடம் நான் பேசியது "வாங்க", "சாப்பிடுங்க" இரண்டோடு சரி.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம் தங்கச்சி வந்து நின்றாள்.

"அண்ணே, திரும்ப மெட்ராசுக்கே மாத்தல் கேக்கப் போறேன்னு சொல்லுதாவ. நானும் போயாவணும். நீ ஒரு நாளைக்காவது அவியகிட்ட மூஞ்சியத் தூக்காம இரேன்."

அவளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசில்லை. அப்பா இறந்த பிறகு நான் வளர்த்த பிள்ளை அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் ஒரு சைக்கிள் பந்தயம் இருந்தது. மலைப்பாதையில் பாபநாசம் மேலணை வரை ஏறி இறங்கி, பிறகு வாய்க்கால் கரை வழியாக முக்கூடல் போய்ச் சேர வேண்டும். மூன்று பேர் ஓர் அணி. மூன்றாவது ஆள் தன் சைக்கிளோடு எப்போது வந்து சேருகிறாரோ அதுதான் அணியின் நேரம். நானும் எங்கள் தெரு இரும்புக்கடை அண்ணாச்சியும் பெயர் கொடுத்திருந்தோம். மூன்றாவது ஆளாக மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவரிடம் தடித்த டயர் வைத்த கியர் சைக்கிள் இருந்தது. எங்களுடையது இரண்டும் பால்காரர் ஓட்டுகிற ரகம்.

விடிந்ததும் கிளம்பினோம். பாபநாசம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். மாப்பிள்ளை மட்டும் மேலே போவதும், எங்களுக்காக நிற்பதுமாக இருந்தார். அவர் நிற்பதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. போய்விட்டிருந்தாலும் எரிச்சல்தான் பட்டிருப்பேன்.

இறக்கத்தில் அவர் முன்னால் பறந்தார். கைப்பம்பு, ஸ்பேனர், பஞ்சர் ஒட்டுகிற சாமான் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அவர் ஹேண்டில்பாரில் தொங்கின. வளைவுக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். எனக்குத் திக்கென்றது.

"பைய விடுங்க மாப்ளே! பைய விடுங்க!" என்று கத்தினேன்.

அவர் வளைவைத் தாண்டி மறைந்தார். அடிவாரத்தில் எங்களுக்காகக் காத்து நின்றார்.

வாய்க்கால் கரையில் ஏழெட்டு மைல் போயிருப்போம். என் பின் டயரில் கருவேல முள் ஏறிக் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் சாமானைக் கேட்டேன்.

"அதான் விட்டுட்டேனே" என்றார்.

"எத விட்டீங்க?"

"பைய. மலையில நீங்கதானே விடச் சொன்னீங்க. சக்கரத்துல மாட்டிக்கும்னு சொல்றீங்கன்னு நினைச்சேன். ஓரமா போட்டுட்டு வந்துட்டேன்."

எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக. இது ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. மூளை இருக்கிறதா, படித்த ஆள்தானா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"கேட்டா உங்களுக்குக் கோபம் வரும்" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ஏன்வே கத்துதீரு?" என்றார் அண்ணாச்சி. "நீரு சொன்னத அவரு செஞ்சாரு. டயர்ல வைக்கோலத் திணிச்சா முக்கூடல் வரைக்கும் தாங்கும். வாரும்."

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து களமெல்லாம் வைக்கோல் கிடந்தது. அண்ணாச்சி பக்கத்து டீக்கடையில் ஒரு கரண்டி வாங்கி டயரின் ஒரு பக்கத்தை நெம்பினார். மாப்பிள்ளை வைக்கோலை முறுக்கி முறுக்கி நீட்ட, நான் திணித்தேன். அவர் விரலெல்லாம் வைக்கோல் கிழித்து ரத்தம் கசிந்தது. நான் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி குதித்துக்கொண்டு என் வண்டி நகர்ந்தது. அண்ணாச்சி முன்னால் போய்விட்டார். மாப்பிள்ளை என் பக்கத்திலேயே வந்தார். வெகுநேரம் கழித்து, "ஒண்ணு கேட்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"நான் வீட்டுக்குள்ள வந்தா ஏன் எல்லாரும் பேச்சை நிறுத்திடறீங்க?"

நிறுத்துகிறவன் நான். நான் நிறுத்தினால் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அதை அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"எல்லாரும் இல்ல மாப்ளே. நாந்தான். தப்புதான்" என்றேன். "நீங்க போவாதீங்க."

அவர் வேகத்தைக் குறைத்து என் பக்கமாக நெருங்கி வந்தார்.

"மாத்தல் கேட்டு போன வாரமே எழுதிக் கொடுத்துட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. திரும்ப வாங்க முடியுதான்னு பார்க்கறேன்."

முக்கூடலில் எங்களுக்குப் பின்னால் வர ஓர் அணிகூட இல்லை. பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள்.

அவரும் அலுவலகத்தில் அலைந்துதான் பார்த்தார். நடக்கவில்லை. வைகாசியில் உத்தரவு வந்துவிட்டது. நெல்லை ஜங்ஷனில் ரயிலேற்றிவிடப் போனேன். அவர் பெட்டிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கச்சி ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மனசப் போட்டு ஒழப்பாதண்ணே. நீ நல்லாத்தான் பேசுனியாம், அவியளே சொன்னாவ. அவிய ஒண்ணும் மாத்தல் கேக்கல, ஆபீஸ்லயே தூக்கிப் போட்டுட்டானுவ. ஒம்மேல என்ன தப்பு?"

உள்ளே அவர் பெட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். நான் அவளிடம், "ஆமா, ஆபீஸ்காரனுவ செஞ்ச வேல" என்றேன்.