சாண அடுப்புக்கு இரவல் சிலிண்டர்

“…சாணி கேஸ்ல காபி போட்டா நாங்க குடிக்க மாட்டோம்னு யாருண்ணே உங்ககிட்ட சொன்னா?” என்று கேட்டபடி மாப்பிள்ளையின் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். என் மகளைப் பெண் பார்க்கக் குடவாசலிலிருந்து வந்தவர். நான் அப்போதுதான் சிலிண்டரை மூடியிருந்தேன். அறையெல்லாம் புகை. பால் பாத்திரத்தின் அடியில் அப்பிக் கிடந்தது கரி.

எங்கள் வீட்டில் கொல்லையிலுள்ள சாணக் குழியின் வாயுவில்தான் சமையல். அதில் எரிவது மீத்தேன். ஒரே ஒரு கார்பன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும்; மூன்று கார்பன், நான்கு கார்பன். எல்லாம் ஆல்கேன் என்கிற ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள். டீக்கடையில் யார் அகப்பட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். “வாத்தியாரு ஆரம்பிச்சிட்டாரு, டீயை ஆத்திக் குடிங்கப்பா” என்பார்கள். பாதியில் பள்ளியை விட்டவனுக்கு அந்தக் கேலியே பட்டம் மாதிரி.

அப்படிப்பட்ட நான், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கூசிப்போனேன். சாணி அடுப்புக் காபி என்று முகம் சுளித்து இந்த இடமும் தட்டிப்போனால்? எதிர்வீட்டில் சிலிண்டரையும் டியூபையும் இரவல் கேட்டேன். அடுப்பையும் கேட்க வாய் வரவில்லை. “நம்ம அடுப்புக்கு என்னப்பா கொறச்சல்?” என்று மகள் கேட்டாள். டியூபை எங்கள் அடுப்பிலேயே சொருகினேன்.

சாண வாயுவில் கரியமில வாயுவும் கலந்திருப்பதால் சூடு குறைவு. அதனால் அந்த அடுப்பில் வாயு வரும் துளை பெரிது. சிலிண்டர் வாயுவுக்கு அது மதகைத் திறந்துவிட்ட மாதிரி. தீ மஞ்சளாக எழும்பி, காற்று போதாமல் புகைந்தது. எனக்குத் தெரியாததா?

“ஊருக்கெல்லாம் கார்பன் எண்ணிச் சொல்றீங்க, வீட்டு அடுப்பு மட்டும் மறந்துபோச்சு” என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. காலி டம்ளர் தட்டோடு நின்ற மகள் என் பக்கமே பார்க்கவில்லை. எங்கள் பேச்சு கூடத்தில் கேட்டுத்தான் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்திருக்க வேண்டும்.

“இல்லம்மா… ஒரு மரியாதைக்கு…” என்று அவரிடம் இழுத்தேன்.

“யாரு மரியாதைக்கு? எங்க மரியாதைக்கா, உங்க மரியாதைக்கா?” என்றார் அந்த அம்மா. “பழைய டியூபை மாட்டுங்கண்ணே.”

பிறகு, மனைவி தடுக்கத் தடுக்க, பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அந்தக் கரியைத் தேய்க்கத் தொடங்கினார்.