பழிக்கு வரைந்த வீடு

ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காக அவருக்கு வீடு வரைந்து கொடுத்திருக்கிறேன். சோற்றில் விஷம் வைப்பவர்கள்கூட என் அளவுக்குப் பொறுமையாக வேலை பார்த்திருக்க மாட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்கு முழுசாக வெட்கம் வரவில்லை. முதலில் வருவது கோபம்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் அரசுக் கட்டடப் பிரிவில் வரைவாளர். வீடு விழுப்புரத்தில். திண்டிவனத்துக்கு வெளியே ஏரியை ஒட்டி மூன்று மாடி அலுவலகம் ஒன்று கட்டினோம். கட்டி முடித்ததும் எங்கள் பிரிவும் அங்கேயே குடிபோனது. முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி. அது எங்கள் என்ஜினியரின் ஆசை. "மெட்ராஸ்ல ஐ.டி. கம்பெனிங்க இருக்குது பாரும்மா, அந்த மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்றார். அப்படியே வரைந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

வேலை நடந்த மாதங்களில் ஒவ்வொரு கண்ணாடியிலும் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி இருப்பது தெரியாமல் யாராவது சவுக்குக் கம்பைக் கொண்டுபோய் இடித்துவிடக் கூடாது என்று எல்லாக் கட்டடத்திலும் செய்வதுதான். திறப்பு விழாவுக்கு முதல்நாள் அதை எல்லாம் சோப்புத் தண்ணீரால் கழுவினார்கள். ஏரியும் கரையோர மரங்களும் வானமும் கண்ணாடியில் அப்படியே தெரிந்தன. விழாவுக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் படிக்கட்டில் ஒரு கிளி செத்துக் கிடந்தது. பிறகு ஒரு மீன்கொத்தி. பிறகு செம்போத்து, மைனா, பெயர் தெரியாத சின்னக் குருவிகள். காலையில் பெருக்கும் அம்மா அவற்றை முறத்தில் அள்ளி வேலி ஓரம் புதைத்துவிடுவார். ஒருநாள் நான் வருவதைப் பார்த்ததும் முறத்தோடு நின்றார்.

"பூனை வேலைன்னு நெனச்சினு இருந்தேன் மேடம். கடிச்ச காயமே இல்ல, கழுத்துதான் தொவண்டு கெடக்குது. சுண்ணாம்புக் குறி இருந்த வரைக்கும் ஒண்ணுகூட வுழல. கழுவினாங்க, வுழுது."

பொறியியல் படித்தவர்கள் நிறைந்த அலுவலகத்தில் அந்த அம்மாவுக்குத்தான் இது தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. வரைந்தவள் நான்தானே. போனில் தேடித் தேடிப் படித்தேன். கண்ணாடியில் தெரியும் மரத்தைப் பறவை நிஜ மரம் என்று நம்பி முழு வேகத்தில் வருகிறது. வெளிப்பக்கத்தில் நெருக்கமாகப் புள்ளி வைத்தால் நடுவில் புகுந்து போக முடியாது என்று விலகிவிடுகிறது. இதை எல்லாம் ஒரு தாளில் வரைந்தேன். இருக்கிற கண்ணாடிக்குப் புள்ளி ஒட்டலாம், இனிமேல் கட்டும் அலுவலகங்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓட்டை ஓட்டையான சிமென்ட் ஜாலி வைக்கலாம், வெயிலும் குறையும் என்று குறிப்பும் எழுதினேன்.

ஆய்வுக் கூட்டத்தில் என்ஜினியர் அந்தத் தாளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். "நம்ம மேடம் கிளி ஜோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. யார் யாருக்கு எப்ப புரமோஷன்னு கேட்டுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி போட்ட கான்ட்ராக்டர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் கிளி ஜோசியம் என்றே பெயர்.

விட்டுவிடும் ஜாதி இல்லை நான். ஒரு சாப்பாட்டு நேரத்தில் நானும் பெருக்கும் அம்மாவும் ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து, கம்பு நுனியில் துணி சுற்றி, கைக்கு எட்டிய கண்ணாடி முழுக்கப் புள்ளி வைத்தோம். இரண்டு வாரம் அந்தப் பக்கம் ஒன்றும் விழவில்லை. அதற்குள் மேலதிகாரி வருகிறார் என்று தகவல். என்ஜினியர் புள்ளிகளைப் பார்த்தார். ஜல்தியாகக் கழுவச் சொன்னார். அரசுக் கட்டடத்தை அலங்கோலப்படுத்தியதாக எனக்கு மெமோ. எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. பெருக்கும் அம்மா தினக்கூலி, அவருக்கு மெமோகூடத் தேவைப்படவில்லை. நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருமுறை அந்த அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போய்க்கினு இருக்கறேன் மேடம்" என்றார். நிலக்கடலைக் காட்டில் கூலி வேலை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் என் கோபம் கொஞ்சம் பங்கு போயிருக்கும். அது முழுக்க அந்த மனிதர் மேலேயே நின்றுவிட்டது.

என்ஜினியர் ஓய்வு பெற்றார். மாலையும் சந்தனமுமாக அனுப்பி வைத்தோம். சில மாதங்கள் கழித்து ஸ்வீட் பாக்ஸோடு என் மேஜைக்கு வந்தார்.

"வீடு கட்டறேம்மா, பெருமுக்கல் போற ரோட்டுல. முன்பக்க எலிவேஷன் நீதான் போட்டுத் தரணும். நம்ம ஆபீஸ் மாதிரியே கண்ணாடி வெச்சு. உன் கை வரைஞ்சா தனி அழகும்மா."

அவருக்கு எதுவும் நினைவில்லை. மெமோ, கடிதம், கிளி ஜோசியம் எதுவும். என்னை எரித்தது அதுதான். சிரித்த முகமாக, "போட்டுத் தர்றேன் சார்" என்றேன்.

ஒரு மாதம் வரைந்தேன். மனையில் பெரிய புங்க மரம் ஒன்று இருந்தது. "வெட்டிடலாமா?" என்று கேட்டார். "வேணாம் சார், மரம் கண்ணாடில தெரிஞ்சா வீட்டுக்கே ஒரு களை வரும்" என்றேன். இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடிச் சுவரை அந்த மரத்துக்கு நேராக வைத்தேன். மரத்துக்கு ஒட்டினாற்போல வைத்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடம் இருக்காது என்று படித்திருந்தேன். அதனால் இருபது அடி தள்ளி வைத்தேன். கண்ணாடியிலேயே அதிகம் மினுக்கும் ரகமாக எழுதிக் கொடுத்தேன். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ப் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு எனக்கு இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழையோடு அவர் போன் வந்தது.

"ஏம்மா, வீட்ல குருவிங்க செத்துச் செத்து வுழுது. பூசணிக்கா ஒடச்சாச்சு, ஆகாச கருடன் கெழங்கு கட்டியாச்சு. சாவு வுழற வீடுன்னு ரோட்டுல பேசிக்கறாங்க. எங்க வீட்டுக்காரம்மா பயந்துக்கினு பொண்ணு வீட்டுக்குப் பூடறேன்னு நிக்குது. பெரிய பேஜாரா இருக்குது. இன்னா பண்றதுன்னே தெரியல."

"கிளி ஜோசியம் பாக்கறவங்க யாரையாச்சும் கேளுங்க சார்" என்றேன்.

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

மூன்று நாள் கழித்து, கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று நானே காலை பஸ்ஸில் கிளம்பினேன். என்ன பேச வேண்டும் என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் லுங்கியோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு. அதற்குள் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு ஆறுமணிக்குருவி. பனிக்காலத்தைக் கழிக்க இமயமலை அடிவாரத்திலிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருவது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

"தண்ணி வெச்சேன், குடிக்கல. நீ பாரும்மா" என்று என் கையில் கொடுத்தார்.

எடையே இல்லை. உள்ளங்கை மட்டும் சுட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் தலை என் கட்டைவிரல் மேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு அது அசையவில்லை.

சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. "கண்ணாடிக்கு வெளிப்பக்கம், ரெண்டு இன்ச்சுக்கு ஒண்ணா வெள்ளைப் புள்ளி ஒட்டுங்க சார். நின்னுடும்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு மீட்டிங்ல நீ சொன்னது இதானா?"

"ஆமா சார்."

"அப்ப இந்த வீட்ட வரையறப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

அப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. மெமோவைச் சொன்னேன். நின்றுகொண்டு எழுதிய கடிதத்தைச் சொன்னேன். களை எடுக்கப் போகும் அந்த அம்மாவைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார். நான் முடித்ததும் என் கையிலிருந்த குருவியைத் துண்டோடு வாங்கிக்கொண்டார்.

"எனக்கு நீ பண்ணது சரிம்மா. நான் பண்ணதுக்கு வாங்கிக்கறேன். இதுங்க உன்ன இன்னா பண்ணிச்சி?"

வெளியே வந்து பஸ் ஏறினேன். அதைக் கேட்க இந்த ஆளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று விக்கிரவாண்டி தாண்டும்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் திட்டுகிறேன். ஆபீஸ் கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது, அந்த அம்மா இன்னும் கொல்லை வேலைக்குத்தான் போகிறார், என்ஜினியரை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் நான் தாளில் வரைந்து காட்டியபோது அவர் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். நம்பித்தான் அந்த வீட்டை வரைந்தேன்.