பதினேழு இன்ச் திரையும் ஆறு இன்ச் ஸ்கேலும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து மோசம். எழுத்துப் பிழையும் இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு பேனா பிடித்ததைவிட ஸ்க்ரூ டிரைவர் பிடித்ததுதான் அதிகம். புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே படிக்கவும். வாடிக்கையாளர்கள் வாரண்டி கார்டை அப்படித்தான் படிக்கிறார்கள்.

சர்வீஸ் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று முதலாளி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, "ஏழுமல, ஒனக்குத் தெரிஞ்சத எழுதி வை" என்றார். வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. பேசவே கூச்சப்படுகிறவன் எழுத மட்டும் துள்ளிக்கொண்டு வருவான் என்று எதை வைத்து நினைத்தாரோ தெரியவில்லை.

1. திரைக்குப் பின்னால்

புதுச்சேரியில் நேரு வீதியிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் கடை. முன்பக்கம் ஏ.சி., கண்ணாடி ஷோகேஸ், சுழலும் நாற்காலி. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, வாசலுக்கு ஒரு திரைச்சீலை. பின்பக்கம் நானும் ஒரு டேபிள் ஃபேனும். ஃபேனையும் போடக் கூடாது, ஸ்க்ரூ பறந்துவிடும்.

உப்பளம் பகுதியில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தவன் நான். மானிட்டர் தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று இங்கே கூப்பிட்டார்கள். தூக்கியதைத் திறந்து பார்த்துப் பார்த்து லேப்டாப் வரைக்கும் வந்துவிட்டேன். என் ஆங்கிலம் முழுவதும் எரர் மெசேஜ் கற்றுக்கொடுத்தது. அதனால் ஆங்கிலத்தில் இதுவரை ஒரு நல்ல செய்தியும் நான் படித்ததில்லை.

தடுப்பில் ஜாப் கார்டு வாங்குவதற்கு ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் வருகிறவர்களின் கழுத்திலிருந்து இடுப்பு வரை தெரியும். எட்டு வருஷமாக நம் வாடிக்கையாளர்களை நான் தொப்பையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறேன். முகம் தெரியாததால் பேசவும் வேண்டியதில்லை. எனக்கு வசதியாக இருந்தது.

முன்பக்கத்துக்கு ராஜா, சேல்ஸ் மேனேஜர் சுகுமார். டை கட்டியிருப்பார். கம்ப்யூட்டர் என்பது அவரைப் பொறுத்தவரை அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருப்பது. பெட்டிக்குள் இருப்பதெல்லாம் சர்வீஸ் டிபார்ட்மெண்ட், அதாவது நான்.

முதலாளி நல்லவர். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஆபீசில் வேலை பார்த்தவர். அதனால் பழைய வாடிக்கையாளர்கள் இவரையும் பிரெஞ்சு முறையில் "முசே" (ஐயா) என்பார்கள். அவர் பேசுவது முழுக்கத் தமிழ்தான். முடியாது என்பதை மட்டும் பிரெஞ்சில் சொல்வார்: "நோன்." ஆகவே எனக்குப் பிரெஞ்சிலும் நல்ல செய்தி கிடைத்ததில்லை.

2. கிளி

2008-இல் ஒரு புதன்கிழமை. ஓட்டை வழியாக நீலப் புடவையும், மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு துணிப்பையும் தெரிந்தன. பெயர் விஜயா என்று பில் போடும்போது காதில் விழுந்தது.

"காலாப்பட்டுல தீசிஸ் டைப் அடிச்சிக் குடுக்கிறன். யுனிவர்சிட்டி பசங்களுக்கு. கரண்டு போனாலும் வேலை நிக்கக் கூடாது, அதான் லேப்டாப்பு. எழுத்து பெரிசா தெரியணும். வேற ஒன்னும் வேணாம்."

"பட்ஜெட் எவ்ளோ மேடம்?"

"நாப்பத்தஞ்சு. அதுக்கு மேல இல்லீங்க."

பட்ஜெட் என்ற சொல்லை சுகுமார் வேறு மாதிரி புரிந்துகொள்வார். அந்தத் தொகையை எங்கிருந்து மேலே ஏற்ற ஆரம்பிக்க வேண்டும் என்று வாடிக்கையாளரே காட்டிக் கொடுப்பதாக எடுத்துக்கொள்வார்.

"எழுத்து பெரிசா தெரியணும்னா ஸ்கிரீன் பெரிசா இருக்கணும் மேடம். பதினேழு இன்ச். ஸ்கிரீன் பெரிசா இருந்தா ரெசல்யூஷனும் பெரிசா இருக்கணும். இதப் பாருங்க."

ஷோகேசில் ஏழு மாதமாக உட்கார்ந்திருந்த பீஸை இறக்கினார். 1920 x 1200. அதில் எப்போதும் ஒரு வீடியோ ஓடும். பச்சைக் கிளி ஒன்று திரை முழுக்கத் தலையைச் சாய்த்துப் பார்க்கும். இறகை எண்ணலாம். கிளியைப் பார்த்துத்தான் எல்லோரும் விலை கேட்பார்கள். விலையைக் கேட்டதும் கிளியை விட்டுவிட்டுப் போவார்கள்.

"அம்பத்தெட்டு போட்டிருக்கு. ஒங்களுக்கு அம்பத்தொன்னு. மீதி ஆறு ரெண்டு மாசத்துல குடுங்க."

"எழுத்து பெரிசா தெரியுமில்ல?"

"கிளியே இவ்ளோ பெரிசா தெரியுது, எழுத்து தெரியாதா மேடம்?"

தெரியாது. எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் எழுத்து என்பது புள்ளிகளால் ஆனது. அதே பதினேழு இன்ச்சுக்குள் புள்ளிகளை அதிகமாகத் திணித்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகும், எழுத்தும் சின்னதாகும். கிளிக்கு இது நல்லது. கிளி யாருக்கும் தீசிஸ் எழுதிக் கொடுப்பதில்லை.

அப்போது என் உதட்டில் இரண்டு ஸ்க்ரூ இருந்தன. லேப்டாப்பைத் திறக்கும்போது ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொள்வது என் பழக்கம். வாயில் ஸ்க்ரூ இருப்பவன் எப்படிப் பேசுவான்? நல்ல காரணம். அந்தக் காரணத்தைக் கவ்விக்கொண்டே நீலப் புடவை வெளியே போவதைப் பார்த்தேன்.

3. சனிக்கிழமை

அதே துணிப்பை திரும்பி வந்தது. இந்தத் தடவை உள்ளே லேப்டாப் இருந்தது.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருதுங்க. என் பழைய மானிட்டரே இதவிட பெரிசா காட்டுச்சி."

"ஜூம் பண்ணுங்க மேடம்."

"பக்கத்த ஜூம் பண்ணலாம். மேல இருக்கிற மெனு? ஃபைல் பேரு? தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்ல ஃபான்ட் லிஸ்ட்டு? அதெல்லாம் ஜூம் ஆவுமா?"

சுகுமார் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து கான்ஃபிகர் செய்தார். முதலில் விஸ்டாவில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் செட்டிங்கைப் போட்டார். தமிழ் சாஃப்ட்வேரில் ஓ.கே. பட்டன் திரைக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொண்டது. அடுத்து ரெசல்யூஷனைக் குறைத்தார். எழுத்து பெரிதானது, ஆனால் ஓரமெல்லாம் மங்கிவிட்டது.

"தண்ணிக்குள்ளேர்ந்து பாக்கிற மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா. "அதுவுமில்லாம ஸ்கிரீன் பளபளன்னு இருக்குது. அதுல எங்க வீட்டு டியூப் லைட்டும் என் மூஞ்சியும்தான் நல்லா தெரியுது."

சுகுமாருக்குத் தெரிந்த கான்ஃபிகரேஷன் அத்தோடு முடிந்தது. ஆகவே வாடிக்கையாளரை மாற்றப் பார்த்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ணாடிய ஒரு தடவ செக் பண்ணிக்கோங்களேன்."

அந்த அம்மா துணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அதே குரலில், கோபம் இல்லாமல் சொன்னார்.

"ஒரு கண்ணு போயி நாலு வருஷம் ஆவுது தம்பி. இன்னொன்னுக்கு இதுக்கு மேல கண்ணாடி கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கிற ஒன்ன வெச்சித்தான் எனக்கு சோறு. வர்ற வெள்ளிக்கெழம ரெண்டு தீசிஸ் குடுக்கணும். மூணு நாளா கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த உக்காந்து நாலு பக்கம் அடிச்சிருக்கன். குடுக்கலன்னா கைடு வேற எடத்துக்கு அனுப்பிடுவாரு. ஒருத்தரு போனா எல்லாரும் போவாங்க."

"அது சரிங்க மேடம். ஆனா வித்த பொருள் ரிட்டர்ன் கெடையாதுன்னு பில்லுலயே போட்டிருக்கே."

பில்லில் அதை எந்த அளவு எழுத்தில் போட்டிருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த அம்மாவிடம் படிக்கச் சொல்லிக் காட்டினார்.

நான் ஸ்க்ரூவைத் துப்பினேன்.

4. ஸ்கேல்

லேப்டாப்பில் மூன்று மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் ஐந்தைப் போட்டால் போர்டைக் குத்திவிடும். அதனால் ஸ்க்ரூ அளக்க ஒரு ஆறு இன்ச் பிளாஸ்டிக் ஸ்கேல் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அதோடு, ரேம் போடக் குடோனிலிருந்து வந்து மேசையில் இருந்த இன்னொரு புது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தேன். அதுவும் பதினேழு இன்ச்தான். 1440 x 900. திரையில் பளபளப்பு கிடையாது. விண்டோஸ் இல்லாமல் டாஸ் மட்டும் போட்டு வரும் மாடல் என்பதால் விலை நாற்பத்தொன்று; சோதித்துப் பார்க்க விஸ்டாவை நான்தான் போட்டு வைத்திருந்தேன். கிளி இதில் சுமாராகத்தான் தெரியும், அதனால் ஷோகேசுக்கு லாயக்கில்லை என்று அதுவரை குடோனில் கிடந்தது.

சுகுமார் என்னைப் பார்த்து, "என்னாண்ணா, டீயா?" என்றார்.

கொண்டுவந்ததைக் கிளி லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தேன். கை மட்டும் வேலை செய்தது. அந்த அம்மாவின் பென் டிரைவை வாங்கி, ஒரே தீசிஸை இரண்டு லேப்டாப்பிலும் ஒரே அளவில் திறந்தேன். "பல்கலைக்கழகம்" என்ற சொல்லின் மேல் ஸ்கேலை வைத்தேன். ஐம்பத்தொன்றாயிரத்தில் இருபத்து நாலு மில்லிமீட்டர். நாற்பத்தோராயிரத்தில் முப்பத்திரண்டு.

"இதுல எட்டு மில்லி ஜாஸ்தி" என்றேன். ஷோரூமில் நான் பேசிய முதல் வாக்கியம் அது. கேட்டவர்கள் எல்லோரும் நான் சம்பளம் கூட்டித் தரக் கேட்பதாக நினைத்திருப்பார்கள், அவ்வளவு சின்னக் குரல்.

அந்த அம்மா குனிந்து, முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய், பிறகு மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார். முதுகு நாற்காலியில் முட்டிய பிறகும் படித்தார்.

"இதான். இதத்தான் கேட்டன்."

"சார், ரெசல்யூஷன் ஜாஸ்தின்னா குவாலிட்டி ஜாஸ்தி. கம்பெனி ட்ரெயினிங்லயே சொல்லியிருக்காங்க" என்று சுகுமார் முதலாளியிடம் ஓடினார்.

முதலாளி கேபினிலிருந்து வந்தார். "ஏழுமல வெளிய வந்துட்டானா?" என்பதுதான் அவருக்கு முதல் அதிர்ச்சி. ஸ்கேலை வாங்கி அவரே அளந்தார். இரண்டு தடவை அளந்தார். நான் மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"நோன். பொட்டி ஒடச்சாச்சி. மூணு நாள் ஓடியாச்சி. யாரு வாங்குவா?"

"நான் விக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முதலாளி சிரித்தார். "சரி. மாத்திக் குடு. ஆனா அத நீயேதான் விக்கணும். முன்னாடி நின்னு, வாயத் தொறந்து. இந்த மாசத்துக்குள்ள போவலன்னா ஒன் சம்பளத்துல புடிப்பன். சுகுமாரு உதவி பண்ணக் கூடாது."

ஒருவனுக்கு எது வலிக்கும் என்று தெரிந்து தண்டனை கொடுப்பதில் எங்கள் முதலாளியை மிஞ்ச முடியாது.

5. உள்ளே போட்டது

இது உங்களுக்கு உபயோகப்படும், கவனமாகப் படிக்கவும். பட்ஜெட்டில் மிச்சமானது நாலாயிரம். அதில் ரேமை இரண்டு ஜி.பி. ஆக்கினேன். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தீசிஸில் யாரும் யாரையும் சுடுவதில்லை. விஸ்டாவுக்குப் பதில் எக்ஸ்.பி. போட்டேன். அதற்கான சி.டி. கடையில் ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

எக்ஸ்.பி. போடும்போது "ஹார்ட் டிஸ்க் இல்லை" என்று எரர் வரும். பயந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். பயாஸில் போய் சாட்டா மோடை ஐ.டி.இ. என்று மாற்றினால் போதும். முதல் தடவை இது தெரியாமல் நான் ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கெட்டுப்போனது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பிறகு டிஸ்ப்ளே செட்டிங்கில் எக்ஸ்ட்ரா லார்ஜ் ஃபான்ட். மவுஸ் அம்பைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கினேன். வால்பேப்பரை எடுத்துவிட்டேன். தமிழ் சாஃப்ட்வேரைத் திறந்து ஓ.கே. பட்டன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் பேடில் ஒரு டேபிள் முழுக்க அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். வாடிக்கையாளர் தன் வேலையைச் செய்து பார்க்காமல் கான்ஃபிகரேஷன் முடியாது.

6. நான் விற்ற லேப்டாப்

திங்கட்கிழமை முதல் மதியத்துக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் ஷோகேஸ் பக்கத்தில் நின்றேன். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் நான் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். முகங்கள் வேறு தெரிந்தன. ஒருவர் என்னிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். பதிலே வராததால் அவர் சைகையில் கேட்டார்.

இரண்டு வாரம் போனது. கடைசியில் வாயை நம்பாமல் ஒரு அட்டையில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டினேன்: "இதில் எழுத்து சின்னதாகத் தெரியும். மூன்று நாள் ஓடியது. கண் நன்றாக இருப்பவர்கள் மட்டும் வாங்கவும்."

சுகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணா, இது வெளம்பரமா, எச்சரிக்கையா?"

மூன்றாம் நாள் மூலக்குளத்திலிருந்து வீட்டு பிளான் வரைகிறவர் ஒருவர் வந்தார். அங்கே அப்போது தெருவுக்கு நாலு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார். தன் பென் டிரைவைப் போட்டு ஒரு பிளானைத் திறந்தார். கார் ஷெட்டிலிருந்து மொட்டை மாடிப் படி வரை ஒரே திரையில் வந்து நின்றது.

"எல்லா கடையிலயும் சூப்பர் சூப்பர்னுதான் சொல்றான். நீதாம்பா கொறையச் சொல்லி விக்கிற. எவ்ளோ?"

"நாப்பத்தெட்டு" என்றேன். பேரம் பேசத் தெரியாததால் அவர் பேசியதற்கெல்லாம் சும்மா நின்றேன். அதை அவர் உறுதி என்று எடுத்துக்கொண்டு கேட்ட விலையையே கொடுத்து வாங்கிப் போனார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் குறையைச் சொல்லி விற்கும் புதிய முறைக்காக சேல்ஸ் மேனேஜருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. நன்றாகத்தான் ஓடுகிறது.

7. கேட்டது

விஜயா அம்மா இரண்டு மாதம் கழித்து மவுஸ் வாங்க வந்தார். இரண்டு தீசிஸையும் வெள்ளிக்கிழமை மத்தியானமே கொடுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு மேலும் ஐந்து வந்ததாம். நான் திரையை விலக்கி வெளியே வந்து நின்றேன்.

"எழுத்து நல்லா தெரியுதுண்ணா. தூக்கத்தான் முடியல, பஸ்சுல செங்கல்லு மாதிரி கனக்குது. அதுக்கு ஏதாவது ஸ்கேல் வெச்சிருக்கீங்களா?"

சிரித்தேன். எடையை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் யோசியுங்கள்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார். "ஏண்ணா, நான் மொத நாள் வாங்கும்போது நீங்க உள்ளதான இருந்தீங்க?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

"அப்பவே சொல்லியிருந்தா மூணு நாள் கண்ணு எரிஞ்சிருக்காது" என்றார். கோபமில்லை. மவுஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்சுக்குப் போனார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஸ்கேல் இடது பக்க டிராயரில் இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றினால் தட்டில் வையுங்கள். உதட்டில் வைக்காதீர்கள்.

ஏழுமலை
சர்வீஸ் ரூம், புதுச்சேரி
16 ஆகஸ்ட் 2009, ஞாயிற்றுக்கிழமை