செக்போஸ்ட்டுக்குப் பிடிக்காத கத்தி

இன்று லாரியில் ஜவ்வரிசி லோடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு ஆத்தூர் கடைவீதியில் மடக்குக் கத்தி வாங்கப் போனேன்.

போன மழையில், சுருட்டி வைத்த தார்ப்பாயின் கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. அறுக்கக் கத்தி இல்லை. பல்லால் கடித்து அவிழ்த்துப் பாயை விரிப்பதற்குள் மூட்டையெல்லாம் ஊறிப்போனது.

கடைக்காரர் பித்தளைப் பிடி போட்ட கத்தி ஒன்றை விரித்து ஒரு கயிற்றுத் துண்டில் வைத்தார். வைத்ததும் அறுந்தது.

"இது வேண்டாமுங்க. போன தடவை இதே மாதிரிதான் வாங்குனேன். செக்போஸ்ட்ல ஏட்டையா, 'டிரைவருக்கு எதுக்குடா கத்தி?'ன்னு பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. அதுக்கு முந்தி வாங்குனதும் அங்கதான் போச்சுங்க."

"சீட்டுக்கு அடியில வையுங்களேன்."

"அங்கதானுங்க மொதல்ல கையை உடுவாங்க."

அவர் யோசித்துவிட்டு, மூலையில் கிடந்த மொண்ணைக் கத்தியை எடுத்துப் போட்டார். "இதை எவனும் தொடமாட்டான். ஆனா எலுமிச்சம்பழம்கூட அறுக்காது."

அதைத்தான் வாங்கினேன். வெளியே வந்தால் வானம் கருத்துக் கிடக்கிறது. பல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.

டிரைவர் அண்ணன்மாரே, நீங்கள் கடைசியாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய கத்தி, இப்போது எந்த ஏட்டையா வீட்டில் வெங்காயம் நறுக்குகிறது?