என் வீட்டுக்காரரும் கண்டிப்பாகப் பார்க்கவேண்டிய வீடியோக்களும்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கரும்பலகை போனதும் கைக்கு ஒரு போன் வந்தது. அன்றிலிருந்து எதிரே பிள்ளைகள் இல்லையே தவிர, பாடம் நிற்கவில்லை. யாரோ ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து, புருவத்தைத் தூக்கி, "இத யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க" என்று ஆரம்பித்தால் போதும், இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பார்த்து முடித்ததும் எனக்கும், மகளுக்கும், ஆத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தன் தம்பிக்கும் அனுப்புவார். கூடவே ஒரு வரி இருக்கும்: கண்டிப்பாகப் பார்க்கவும்.

ட்ரோன் வாங்கினால் தோப்புக்கு ஆளே வேண்டாம் என்று ஒரு வீடியோ வந்தது. பார்த்துவிட்டுத் தம்பி போன் போட்டார்.

"மருந்தடிக்கும், சரிண்ணே. மட்டை விழுந்து கெடக்கே, அதப் பொறுக்குமா?"

"அடுத்த மாடல்ல வரும்டா" என்றார் இவர், என்னமோ தானே செய்து அனுப்பப்போகிறவர் மாதிரி.

தண்ணீர்ப் பஞ்சத்தில் நகரங்கள் எப்படி அழியப்போகின்றன என்று ஒரு நாள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் வருவது என்றால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரி, கூப்பிட்டபோது வராது, வந்தபோது நாம் ஓட வேண்டும். நான் ஓடினேன். குடம் குடமாகத் தூக்கி வந்து அண்டாவை நிரப்பினேன். நிமிர்ந்து பார்த்து, "தண்ணிய வீணாக்காத, நிலைமை தெரியாமப் பண்ற" என்றார். இடுப்பில் இருந்த குடத்தை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், தண்ணீர் வீணாகுமே என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது.

படிப்பு முடித்து, தேர்வு மேல் தேர்வாக எழுதி, கிடைக்காதோ என்று அழுது, கடைசியில் கிடைத்த வேலை. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா மனதாரச் சரி என்று சொல்லாமல் பெட்டி கட்ட மாட்டேன் என்று அவள் இருந்தாள். அப்படி ஒரு அப்பா செல்லம். அவரோ காலையில் ஒரு வீடியோ, மதியம் ஒரு வீடியோ என்று ஓதிக்கொண்டே இருந்தார்.

"பாப்பா, நீ போய்ச் சேர்றதுக்குள்ள ஒன் வேலைய அந்த ஏஐயே பாத்துரும்."

"அந்த ஏஐயப் பாத்துக்கிறதுக்குத்தான்ப்பா என்னையக் கூப்புடுறாங்க."

உடனே வேறு வீடியோ. லட்ச ரூபாய்ச் சம்பளத்தை உதறிவிட்டுக் கிராமத்துக்கு வந்தவனாம். மண்சட்டியில் பழைய சோறு தின்றபடி நகரத்து வாழ்க்கை நரகம் என்கிறான். வயலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான், சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. அவன் உட்கார்ந்து தின்ன நகரத்துச் சம்பளம் பாங்கில் கிடக்கிறது. என் பிள்ளை இன்னும் போகவே இல்லை, அதற்குள் திரும்பி வர வழி சொல்கிறான் பாவி!

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாயங்காலத்தில் கூடிச் செபிப்பது அது. மாதா சிலைக்கு முன்னால் செபமாலை, பைபிள் வாசகம், பிறகு மன்றாட்டு. ஒருவர் வேண்டுதலைச் சொல்லி "உம்மை மன்றாடுகிறோம்" என்று முடித்ததும் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வோம். பதில் சொல்வதில் என் வீட்டுக்காரருடைய குரல்தான் பெரியது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பழகிய குரல்.

அன்றைக்கு முதல் மன்றாட்டே அவருடையதுதான். "செயற்கை நுண்ணறிவின் பிடியிலிருந்தும், நகர வாழ்வின் மன அழுத்தத்திலிருந்தும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

சபை பதில் சொன்னது. எனக்குச் சிரிப்பு முட்டியது, முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அதோடு நின்றதா? ஆளாளுக்கு அவரவர் போனில் பார்த்ததெல்லாம் பரலோகத்துக்குக் கிளம்பியது. சார்ஜ் போடும்போது வெடிக்கும் வண்டிகளிலிருந்து காக்கும்படி ஒருவர் வேண்டினார். எதிர்வீட்டு அக்கா ஹாஸ்டல் சோற்றில் சோடா உப்புப் போடுகிறவர்கள் மனந்திரும்ப வேண்டினார். எல்லாவற்றுக்கும் கேட்டருளும், கேட்டருளும். ஆண்டவர் அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கடைசியாக மகள் வாய் திறந்தாள்.

"கஷ்டப்பட்டுப் படித்து நான் பெற்ற வேலைக்கு, என் அப்பா என்னை மனதார ஆசீர்வதித்து அனுப்ப வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

எல்லாரையும் மீறிக்கொண்டு கேட்டது அவருடைய குரல்தான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அது... பழக்கதோஷத்துல வந்துருச்சு" என்றார்.

எதிர்வீட்டு அக்கா விடுவாரா? "ஏன் சார், மாதா முன்னாடி சொன்னது பழக்கதோஷம்னா, இம்புட்டு நாளா நீங்க சொன்ன செபம் அம்புட்டும் பழக்கதோஷந்தானா?"

சார் எழுந்து, செபம் முடிந்து கொடுக்க வைத்திருந்த சுண்டலில் ஒரு கிண்ணத்தை அக்கா கையில் வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, "போயிட்டு வா பாப்பா" என்றார். அவள் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். இரவு பஸ் கூடாது, அதைப் பற்றியும் அவர் ஒரு வீடியோ பார்த்திருந்தார். பஸ் வளைந்து மறைந்த பிறகும் மனிதர் நகரவில்லை.

"அவ போயிட்டா. இனிமே நான் யாருகூடப் பேசுவேன்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏஐயும் இல்லை, தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை. அவர் அனுப்பியதை ஒன்றுவிடாமல் பார்த்து, பதிலுக்குப் பதில் மல்லுக்கு நின்றது அவள் ஒருத்திதான். பாவமாக இருந்தது. மறுநொடியே கோபமும் வந்தது.

"ஏங்க, இங்கன ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேனே, கண்ணுக்குத் தெரியலயா?"

"நீதான் எம்பேச்சக் காது குடுத்தே கேக்க மாட்டியே."

"என்னைக்காச்சும் என்னையப் பேச விட்டிருக்கீங்களா?"

திரும்பி என்னைப் பார்த்தார். சண்டைக்கு வரவில்லை. கையில் இருந்த போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சரி, இப்பப் பேசு" என்றார்.

கண்டக்டர்கள் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என்று கூவிக்கொண்டிருந்தார்கள். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் தெருவில் எல்லாரோடும் வாய் ஓயாத எனக்கு, அவரிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.